நீர்ப் பூங்காவில் கண்ணாடி கேட்ட கதை

குளிக்கிற இடத்தில் கண்ணாடி போட்டவனுக்கு ஒரே ஒரு உத்தியோகம்தான் உண்டு. உடுப்புக் காவல். இதை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எனக்கு ஏழு வயதில் கண்ணாடி வந்தது. அன்றிலிருந்து கீரிமலைக் கேணி என்றாலும் சரி, காரைநகர்க் கடற்கரை என்றாலும் சரி, வான் வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோரும் தங்கள் காற்சட்டை, மணிக்கூடு, சங்கிலி, செருப்பு அத்தனையையும் என் மடியில் குவித்துவிட்டுத் தண்ணீருக்குள் பாய்வார்கள். "நீ இதிலை இரு. உனக்குக் கண்ணாடி இல்லாமல் ஒண்டும் தெரியாதுதானே" என்பார்கள். (கண் தெரியாதவனை ஏனடா காவலுக்கு வைக்கிறீர்கள் என்று ஒருவரும் யோசித்ததில்லை.) இப்படியே இருபத்தெட்டு வயதுவரை, யாழ்ப்பாணத்துத் தண்ணீர் எல்லாவற்றையும் கரையிலிருந்து பார்த்தவன் நான்.

என் கண்ணின் அளவு மைனஸ் எட்டரை. நல்ல கண் உள்ளவர்களுக்கு இது விளங்காது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினால், அந்தக் கையில் விரல்கள் இருக்கின்றன என்பது எனக்கு ஞாபகத்தில் இருப்பதால்தான் தெரியும். நான் கண்ணாடியைக் கழற்றிய உடனே, எதிரில் நிற்பவர் எப்பேர்ப்பட்ட படித்த மனிதராக இருந்தாலும் கையைத் தூக்கி "இது எத்தினை விரல்?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு நான் வாழ்க்கையில் பதில் சொன்ன தடவைகளுக்கு ஒரு பட்டமே தரலாம்.

அப்போது நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு நெல்லியடிப் பக்கம். மோட்டார் சைக்கிளில் அச்சுவேலிக்குள்ளால்தான் போய்வருவேன். அந்த வழியில் ஒரு நீர்ப் பூங்கா திறந்தார்கள். மதிலுக்கு மேலால் நீலமும் மஞ்சளுமாகச் சறுக்குக் குழாய்கள் தெரியும். அதற்குள்ளிருந்து ஆட்கள் கூவிக்கொண்டு விழுகிற சத்தம் றோட்டுவரை கேட்கும். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் மோட்டார் சைக்கிளின் வேகம் தானாகவே குறையும்.

ஒருநாள் முடிவெடுத்தேன். போவது. அதுவும் தனியாகப் போவது. கூட்டாளிகளோடு போனால் பழைய உத்தியோகத்தைத்தான் தருவார்கள். புதன்கிழமை காலையைத் தெரிவு செய்தேன். அந்த நேரம் மாணவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். கணித வாத்தியாரை நனைந்த காற்சட்டையோடு ஒருமுறை கண்ட பிள்ளை, அதற்குப் பிறகு அவர் சொல்கிற எந்தத் தேற்றத்தையும் நம்பாது.

வாசலில் ரிக்கற் கொடுப்பவர் கேட்டார்.

"எத்தினை பேர் அண்ணை?"

"ஒராள்."

"மற்றவை பின்னாலை வருகினமோ?"

"ஒருத்தரும் வரேல்லை. நான் மட்டும்தான்."

அவர் ரிக்கற்றைக் கிழிக்காமல் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ அண்ணை?" என்றார்.

"ஒரு பிரச்சினையும் இல்லை. குளிக்க வந்தனான்."

"அப்ப சரி. ஆனா ஆழமான பக்கம் போகாதேங்கோ" என்று சொல்லி, அரைமனதோடுதான் என்னை உள்ளே விட்டார்.

உடுப்பு மாற்றி, பையைப் பெட்டியில் வைத்துப் பூட்டித் திறப்பைக் கையில் கட்டிய பிறகுதான் உண்மையான கணக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணாடியை எங்கே வைப்பது? பெட்டியில் வைத்துப் பூட்டினால் தண்ணீர் எந்தப் பக்கம் என்று தெரியாது. போட்டுக்கொண்டு போனால், சறுக்கின் அடியில் விசிலோடு நின்றவர் "கண்ணாடியோடை ஏற ஏலாது அண்ணை" என்று திருப்பி அனுப்பினார். தடாகத்தின் ஓரத்தில் வைத்தால் யாராவது மிதிப்பார்கள். இருபத்தொரு வருடம் ஊரார் சாமானையெல்லாம் காவல் காத்தவனுக்கு, தன் சாமானைக் காவல் காக்க ஒரு ஆள் இல்லை.

சுற்றிப் பார்த்தேன். தடாகத்தின் கரையில், ஒரு வேப்பமரத்தின் கீழே பாய் விரித்து ஒரு அக்கா இருந்தார். பச்சைச் சீலை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, மடியில் பெரிய கைப்பை. குருநகரிலிருந்து வந்தவர். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த தங்கையின் பிள்ளைகள் தண்ணீரில் விளையாட, இவர் கரையில் காவல். (என் இனம்.) ஒரு பார்வையிலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. இந்தக் கண்ணாடியை ஒருக்கா வைச்சிருப்பீங்களோ?"

"தனியவோ வந்தனீர்?"

"ஓம்."

"தாரும் தம்பி. நீர் வரும்வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன். மாதாவாணை."

கண்ணாடியை வாங்கி, முகம் துடைக்கிற தன் லேஞ்சியால் சுற்றி, கைப்பைக்குள் வைத்து மூடினார். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேன். (பார்க்கத் தொடங்கினேன் என்பதுதான் சரி. லேஞ்சி சுற்றும்போதே உலகம் கரைந்துவிட்டது.) அடையாளத்துக்கு மனதில் குறித்துக்கொண்டது இதுதான்: வேப்பமரம், பச்சைச் சீலை.

பிறகு தண்ணீருக்குள் இறங்கினேன். அந்த முதல் நிமிடத்தைப் பற்றிப் பகிடி பண்ண எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது, தலையைத் தாழ்த்தினேன். காதுக்குள் சத்தமெல்லாம் நின்றுபோனது. கரையில் எனக்காக ஒரு செருப்புக்கூடக் காத்திருக்கவில்லை. நான் தண்ணீருக்குள் இருந்தபடியே சிரித்தேன். அரை லீற்றர் உள்ளே போயிருக்கும். பரவாயில்லை என்று இன்னொரு முறை சிரித்தேன்.

சறுக்குக்கு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர் வெகுநேரம் அசையவில்லை. "அண்ணை, கொஞ்சம் முன்னுக்குப் போங்கோ" என்று இரண்டு முறை மரியாதையாகச் சொன்னேன். மூன்றாம் முறை தோளில் தட்டினேன். சீமெந்தால் செய்து, குப்பை போடுவதற்கு வாயைத் திறந்தபடி வைத்திருந்த பென்குயின். அதைச் சுற்றிக்கொண்டு போய், கைக்கு எட்டிய படியில் ஏறினேன். சின்னப் பிள்ளைகளின் சறுக்கு என்று நினைத்துத்தான் ஏறினேன். படி முடியவில்லை. நாற்பது படிக்கு மேல் எண்ணியபோதுதான் இது பெரிய சறுக்கு என்று விளங்கியது. ஆனால் கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியாதவனுக்கு என்ன பயம்? மைனஸ் எட்டரையின் ஒரே பலன் அது. அடுத்த ஒரு மணித்தியாலத்தில் பதினொரு முறை விழுந்தேன். மேலே நின்ற விசில்காரர் "உவர் சரியான துணிச்சல்காரன்" என்று யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குக் கிடைத்த அந்தப் பட்டத்தை மறுக்க மனம் வரவில்லை.

களைத்துப்போய்க் கரையேறினேன். எந்தக் கரையில் ஏறினேன் என்பதுதான் கேள்வி. கலங்கிய நீலத்துக்கு அப்பால் ஒரு உயரமான பச்சை தெரிந்தது. அது மரம். அதன் கீழே ஒரு குட்டையான பச்சை. அதுதான் அக்கா. சந்தேகம் வரவேயில்லை. ஒரே தரவை வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதேங்கோ என்று பிள்ளைகளுக்கு நாள்தோறும் கத்துகிறவன், நேரே அந்தப் பச்சையை நோக்கி நடந்தேன்.

இந்த இடத்தில், நான் பிறகு அறிந்துகொண்டதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என்னைப் போலத் தடவவேண்டி வரும்.

அது மறுகரையில் நின்ற வேறொரு வேப்பமரம். அதன் கீழே இருந்தது வேறொரு பச்சைச் சீலை. சாவகச்சேரிப் பக்கத்துக் குடும்பம். தகப்பன், தாய், அவர்களின் மகள் கௌசி. கௌசிக்கு எங்கள் நெல்லியடியும் சேர்ந்த வடமராட்சியில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. ஆனால் இரண்டு கிழமைக்கு முதல் கோயிலில் ஆளையாள் பார்த்தபோது, பொம்பிளை மாப்பிள்ளையைத் தாண்டிப் போனாளாம், முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூட இல்லையாம். பிள்ளைக்கு விருப்பமில்லை போலிருக்கிறது என்று மாப்பிள்ளைக்கு மனம் விட்டுப்போனது. கடைசியாக ஒருமுறை இருவரும் நேரே கதைக்கட்டும், அதோடு ஒன்றில் சரி, இல்லாவிட்டால் விடுவோம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் அத்தான் சுவிசிலிருந்து பிள்ளைகளோடு வந்து நின்றதால், பிள்ளைகள் குளிக்க, பெரியவர்கள் கதைக்க என்று இந்த இடத்தைச் சொல்லியிருந்தார்கள். ஊர்க்கண் படாமல் இருக்க வேலைநாளாகப் பார்த்தார்கள், என்னைப் போலவே.

இன்னொரு விசயமும் இருந்தது. கௌசிக்குச் சின்ன வயதிலிருந்தே கண்ணாடி. மைனஸ் ஆறு. முந்தி வந்த ஒரு சம்பந்தம் அந்தக் கண்ணாடியாலேயே குழம்பியிருந்தது. அதனால் இந்த முறை தாய், பிள்ளைக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி வைத்திருந்தார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்பது எங்கள் ஊரில் பழமொழி அல்ல, நடைமுறை. கோயிலுக்கும் சரி, இங்கேயும் சரி, கௌசியின் கண்ணாடி தாயின் கைப்பைக்குள்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வந்து சேரவில்லை. அந்த நேரத்தில்தான், காற்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நான் போய் நின்றேன்.

"அக்கா, நான் வந்திட்டன்" என்றேன்.

பச்சைச் சீலை துடித்து எழும்பியது. "வாங்கோ தம்பி, வாங்கோ! உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம். இருங்கோ, இதிலை இருங்கோ."

"மற்றவை இன்னும் தண்ணிக்குள்ளையோ?" என்றது ஒரு ஆண் குரல். அக்காவின் கணவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். தனியாக வந்தேன் என்று இன்னொருவருக்கும் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "ஓம்" என்றேன். (வாசல்காரரின் இரக்கத்தை ஒரு நாளில் ஒருமுறைதான் தாங்கலாம்.)

"தம்பிக்கு எந்தப் பக்கம்?"

"நெல்லியடிப் பக்கம்."

"அதுதானே பாத்தன்" என்று அவர் நிம்மதியாகச் சொன்னார். அதற்குமேல் என் பெயரையோ முறையையோ ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். கலியாணம் பேசுகிற நேரத்தில், மாப்பிள்ளை பகுதியிலிருந்து வந்த ஆளைப் பார்த்து "நீங்கள் ஆர்?" என்று கேட்டால் அந்த ஒரு கேள்வியிலேயே சம்பந்தம் குழம்பிப்போகும். வந்தவர் மச்சானோ, மாமனோ, எல்லோருக்கும் சேர்த்து ஒரு "வாங்கோ"தான்.

என் மடியில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வந்தது. அதில் பற்றிஸ், பயத்தம் பணியாரம். கையில் சுடச்சுடத் தேத்தண்ணி. பதினொரு முறை விழுந்தவனுக்கு நல்ல பசி. கண்ணாடியைக் காவல் காத்ததும் இல்லாமல் சாப்பாடும் தருகிறார்களே, குருநகர் ஆட்களைப் போல உண்டா என்று நெகிழ்ந்தபடி சாப்பிட்டேன்.

பச்சைச் சீலை அருகில் வந்து மெதுவாகக் கேட்டது. "தம்பி, மறைக்காமல் சொல்லுங்கோ. அவருக்கு எங்கடை பிள்ளையிலை ஏதும் மனத்தாங்கலோ?"

எவருக்கு, எந்தப் பிள்ளையில் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாய் நிறையப் பற்றிஸ். இல்லை என்று தலையை ஆட்டி வைத்தேன். "கடவுளே, உன்னைத்தான் நேந்தனான்" என்று ஒரு பெருமூச்சு கேட்டது. அந்த வாயில் இந்த முறை மாதா வரவில்லை என்பதை நான் அப்போதாவது கவனித்திருக்க வேண்டும்.

பணியாரத்தை எடுத்துக்கொண்டு, சாவதானமாகக் கேட்டேன். "அக்கா, கண்ணாடியை ஒருக்காத் தாறீங்களோ?"

எல்லாம் நின்றுபோனது. பணியாரம் கடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது என்னுடையது.

"என்ன... என்ன கண்ணாடி தம்பி?"

அந்தக் கண்ணாடி இல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுக்க முடியாது, வீட்டுக்குப் போக முடியாது, பின்னேர வகுப்புக்குப் போக முடியாது. மாதாவின் மேல் ஆணையிட்டவர் இப்படி மாறுவாரா?

"என்னக்கா உப்பிடிக் கேக்கிறீங்கள்? உந்தக் கைப்பைக்குள்ளைதானே வைச்சிருக்கிறியள். லேஞ்சியாலை சுத்தி. எனக்குத் தெரியாதே?"

"ஐயோ" என்றது பச்சைச் சீலை. "ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? நான் கண்டனான்."

"நான் அப்பவே சொன்னனான்" என்றது ஆண் குரல். "மறைக்கவேண்டாம், மறைக்கவேண்டாம் எண்டு தலைபாடாச் சொன்னனான். கேட்டியே?"

"தம்பி, வாசிக்கேக்கை மட்டும்தான் தம்பி. சத்தியமா வாசிக்கேக்கை மட்டும்தான்..." அவர் குரல் உடைந்தது.

எனக்குக் கோபம் வந்தது. என் கண்ணைப் பற்றி எனக்கே கதை சொல்கிறாரா? "என்ன வாசிக்க மட்டும்? அது இல்லாட்டி ஒண்டும் தெரியாதக்கா. நிக்கிறது மனிசனோ மரமோ எண்டுகூடத் தெரியாது. பென்குயினோடை கதைக்கவேண்டி வரும்!"

அவர் வாய்விட்டு அழத் தொடங்கினார். நான் திகைத்துப்போனேன். ஒரு கண்ணாடியைத் திருப்பிக் கேட்டதற்கு யாழ்ப்பாணத்தில் யாரும் இப்படி அழுது நான் கண்டதில்லை. அதுவரை சத்தமே போடாமல் இருந்த ஒரு பெண் குரல் பாயின் மறுபக்கத்திலிருந்து வந்தது.

"காணும் அம்மா. எடுத்துக் குடுங்கோ."

கைப்பை திறபட்டது. லேஞ்சி அவிழ்ந்தது. என் கையில் கண்ணாடி வந்தது. போட்டேன்.

உலகம் பாதியளவுக்குத் தெளிந்தது. எனக்கு எட்டரை, இது ஆறு. கண்ணாடியின் சட்டம் ரோசா நிறம். இது என் கண்ணாடி இல்லை என்று விளங்க மூன்று வினாடி எடுத்தது. இந்த அக்கா என் அக்கா இல்லை என்று விளங்க இன்னும் மூன்று வினாடி. கழுத்தில் சிலுவை இல்லை. நெற்றியில் திருநீறு. கண்ணீர் அதன்மேல் கோடு இழுத்திருந்தது. பக்கத்தில் மீசை நரைத்த ஐயா தலையைக் குனிந்தபடி இருந்தார். எதிரே, சீலை கட்டி, பூ வைத்து, ஒரு பிள்ளை. என்னைப் பார்ப்பதாக நினைத்து, என் காதுக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கரையில் உடுப்புகளோடு உட்கார்ந்து, உப்புத் தண்ணீர் பட்ட கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போதெல்லாம், எது அண்ணன், எது அலை என்று தேடிய பார்வை அது. அந்தக் கண்ணாடியைப் பறித்து வைத்திருந்தவர்களில் இப்போது நானும் ஒருவன்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தார்கள். பொம்பிளையின் தாய் அழுகிறார், தகப்பன் தலையைக் குனிந்திருக்கிறார், நடுவில் ரோசாக் கண்ணாடி போட்ட ஒருவன் நனைந்த காற்சட்டையோடு பணியாரம் சாப்பிடுகிறான். வெண்ணெய் திரள்கிற நேரத்தில் தாழியை உடைத்தவனைப் பார்க்க வேண்டுமென்றால் அப்போது என்னைப் பார்த்திருக்கலாம்.

"என்ன நடந்தது?" என்றார் மாப்பிள்ளையின் தாய். "பிள்ளையின்ரை தமையனோ உவர்?"

அதற்கு யாரும் பதில் சொல்ல முதல் கௌசி எழுந்து வந்தாள். என் முகத்தை நோக்கிக் கையை நீட்டினாள். முதல்முறை காதைத் தொட்டாள். இரண்டாம் முறை கண்ணாடியைப் பிடித்துவிட்டாள்.

"இது என்ரை" என்றாள்.

உலகம் மறுபடி கரைந்தது. இனி நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. கேட்டேன்.

"அன்ரி, நான் கண்ணாடி போடுறனான். சின்னனிலை இருந்து. மைனஸ் ஆறு. இல்லையெண்டு உங்களுக்குச் சொன்னது பொய்" என்றாள் கௌசி. பிறகு வேறு பக்கம் திரும்பிச் சொன்னாள். "உங்களையும் இப்பதான் முதல்முதல் பாக்கிறன்."



"அப்ப கோயில்லை?" என்றது ஒரு புதுக் குரல். அதுதான் மாப்பிள்ளை.

"கோயில்லை உங்களைப் பாத்துச் சிரிச்சனான்தானே."

"என்னைப் பாத்தோ? நான் வசந்தமண்டபத்துக்கு முன்னாலை நிண்டனான். நீங்கள் திரும்பிக்கூடப் பாக்கேல்லை."

"நீலச் சேட்டுப் போட்டவர்தான் மாப்பிள்ளை எண்டு அம்மா சொன்னவ. நான் வாசல்லையே நீலச் சேட்டைக் கண்டு வடிவாச் சிரிச்சிட்டுத்தான் உள்ளுக்குப் போனனான்."

எங்கள் ஊர்க் கோயில்களுக்குள் ஆண்கள் சேட்டோடு போவதில்லை என்பதை, நல்ல கண் உள்ள அந்தத் தாய் மறந்துபோயிருந்தார். மாப்பிள்ளை வாசலிலேயே நீலச் சேட்டைக் கழற்றி, வெளியே பிள்ளைகளோடு நின்ற அத்தானிடம் கொடுத்துவிட்டு, வெறும் மேலோடு உள்ளே போயிருக்கிறார். அத்தான் அந்தச் சேட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நின்றிருக்கிறார். கௌசியின் சிரிப்பு முழுவதும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அடக் கோதாரி" என்றது அத்தானின் குரல். "ரெண்டு கிழமையா அந்தப் பிள்ளை ஏன் என்னைப் பாத்துச் சிரிச்சதெண்டு நான் யோசிச்சுக்கொண்டு திரியிறன்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பிறகு கௌசி. ஆனால் மாப்பிள்ளையின் தாய் சிரிக்கவில்லை. "எல்லாம் சரி. ஏன் எங்களுக்கு மறைச்சனீங்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"பயத்திலை" என்றார் மீசை நரைத்த ஐயா. "முந்தி ஒரு சம்பந்தம் கண்ணாடியாலை போட்டுது. பிள்ளை மூண்டு நாள் சாப்பிடேல்லை. அந்தப் பயத்திலை செய்துபோட்டம். நீங்கள் வேண்டாமெண்டு போனாலும் நான் குறை சொல்லமாட்டன். இனி என்ரை பிள்ளை கண்ணாடியைக் கழட்டமாட்டாள்."

பிறகு மாப்பிள்ளைதான் கதைத்தார். "நான் இண்டைக்கு வேண்டாமெண்டு சொல்லத்தான் வந்தனான் அம்மா. இவவுக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சு." குரல் கௌசியின் பக்கம் திரும்பியது. "இப்ப வடிவாத் தெரியுதோ?"

"தெரியுது" என்றாள் கௌசி.

"அப்ப என்ன சொல்லுறீங்கள்?"

"ரெண்டு கிழமை பிந்திப்போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் பாக்கவேணும்."

மாப்பிள்ளையின் தாய் அப்போதுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், பூங்காவின் ஒலிபெருக்கி கரகரவென்று உயிர்பெற்றது.

"அன்பான அறிவித்தல். காலமை வேப்பமரத்தடியிலை இருந்த அக்காட்டைக் கண்ணாடியைக் குடுத்துப்போட்டுத் தண்ணிக்குள்ளை போன, தனிய வந்த தம்பி, எங்கை நிண்டாலும் உடனடியா வந்து கண்ணாடியை வாங்கவும். அக்காவுக்கு அவசரம்."

இரண்டு குடும்பமும் என் பக்கம் திரும்பியதை, கண்ணாடி இல்லாமலே என்னால் உணர முடிந்தது.

"உவர் உங்கடை ஆள் இல்லையோ?" என்றார் பொம்பிளையின் தாய்.

"உங்கடை ஆள் எண்டெல்லோ நாங்கள் நினைச்சம்" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"அப்ப நீங்கள் ஆர்?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"நான்... கணிதம் படிப்பிக்கிறனான்" என்றேன். அதைவிட நல்ல பதில் இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

நானாக நடந்தால் இன்னொரு குடும்பத்துக்குள் போய்விடுவேன் என்று அத்தான் என்னைக் கையில் பிடித்து மறுகரைக்குக் கூட்டிப்போனார். குருநகர் அக்கா பாயில் விறைத்துப்போய் இருந்தார். "ஒண்டரை மணித்தியாலம் தம்பி! மாதாவாணை அசையமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். ஒண்டுக்குக்கூடப் போகேல்லை. கடைசியாப் பிள்ளையை அனுப்பித்தான் மைக்கிலை சொல்லுவிச்சனான்" என்றவர், கண்ணாடியை என் கையில் திணித்துவிட்டு எழும்பி ஓடினார். அப்படி ஒரு நேர்மையை நான் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்கரையைப் பார்த்தேன். தடாகத்தின் ஓரத்தில் கௌசியும் மாப்பிள்ளையும் ஒரு முழம் இடைவெளி விட்டு, கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு இருந்தார்கள். ரோசாச் சட்டம் வெயிலில் மின்னியது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அடுத்த கணமே, அவர்களின் பலகாரத்தில் பாதியைச் சாப்பிட்டது ஞாபகம் வந்து, பெட்டியைத் திறந்து பையை எடுத்துக்கொண்டு களவாகப் போகப் பார்த்தேன். மீசை நரைத்த ஐயா வாசலில் மறித்துவிட்டார். "தம்பி, தேத்தண்ணி அரைவாசியிலை நிக்குது. அதைக் குடிச்சிட்டு, உங்கடை போன் நம்பரையும் தந்திட்டுப் போங்கோ" என்றார்.

கலியாணத்துக்கு இரண்டு வீட்டாரும் தனித்தனியாக அழைப்பிதழ் அனுப்பினார்கள். மணவறையில் கௌசி கூறைச் சீலையோடும் கண்ணாடியோடும் இருந்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் மட்டும் கழற்றலாமே என்று தாய் கடைசியாக ஒருமுறை கெஞ்சினாராம். "இந்த முறை ஆரெண்டு பாத்துத்தான் கழுத்தை நீட்டுவன் அம்மா" என்றாளாம். படம் எடுப்பவர் பொம்பிளை பகுதியைக் கூப்பிட்டபோது நான் ஒதுங்கி நின்றேன். மாப்பிள்ளை பகுதியைக் கூப்பிட்டபோதும் ஒதுங்கினேன். இரண்டு தாய்மாரும் இரண்டு முறையும் என்னை இழுத்து நிறுத்தினார்கள். இரண்டு அல்பங்களிலும் இருக்கிற ஒரே ஆள் என்று அத்தான் சுவிசில் எல்லோருக்கும் என்னைக் காட்டுகிறாராம்.

அந்தக் குடும்பங்களில் இப்போது கலியாணப் பேச்சு எடுத்தாலே ஒரு சொல் இருக்கிறது. யாராவது வயதையோ, நோய் வருத்தத்தையோ, சம்பளத்தையோ கொஞ்சம் மறைக்கப் பார்த்தால், "இப்பவே சொல்லிப்போடுங்கோ. பிறகு நெல்லியடித் தம்பி ஈரக் காற்சட்டையோடை வந்து கேட்டிடும்" என்பார்கள். ஒரு பெரியப்பா இந்த மிரட்டலுக்குப் பயந்து, தனக்குச் சீனி வருத்தம் இருப்பதைச் சம்பந்தி வீட்டில் தானாகவே ஒப்புக்கொண்டாராம். அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் அவருக்குப் பாயாசம் கொடுக்கவில்லை என்று என்மேல் இன்னும் கோபம்.

போன மாதம் கௌசியின் மகளுக்குக் கண்ணாடி போட்டார்கள். ஆறு வயது. செய்தியை எனக்குச் சொன்னது கௌசி இல்லை, அவளுடைய தாய்தான். வட்ஸ்அப்பில் படம் வந்தது. கன்னத்தை அரைவாசி மறைக்கிற நீலக் கண்ணாடியும், முன்பல் இல்லாத சிரிப்புமாக ஒரு பிள்ளை. அதன் கீழே, "எங்கடை குஞ்சுக்குக் கண்ணாடி போட்டாச்சு தம்பி. என்ன வடிவு பாருங்கோ" என்று எழுதியிருந்தார். எனக்கு மட்டும் அனுப்பியதாக்கும் என்று நினைத்து உருகிப்போனேன். பிறகு கௌசி சொல்லித்தான் தெரிந்தது. சாவகச்சேரியில் உள்ள எல்லாச் சொந்தக்காரருக்கும், லண்டனில் உள்ளவர்களுக்கும், முந்தி சம்பந்தத்தைக் குழப்பிய அந்த வீட்டுக்கும்கூட அனுப்பிவிட்டுத்தான் மனுசி அன்றைக்குத் தேத்தண்ணி குடித்தாராம்.